டபிள்யூ வாங்கலாமா, வேண்டாமா?

அமெரிக்காவில் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் அக்டோபர் கடைசியில் இவரைப் பார்க்கலாம். நூலகத்தில், சார்ஜர் செருக வசதியான சுவரோர மேஜை இவருடையது. எதிரே ஆயிரம் பக்கத்துக்கு மேல் கனக்கும் கரிம வேதியியல் புத்தகம், மூடியபடி. பக்கத்தில் மூலக்கூறு கட்டிப் பார்க்கும் பிளாஸ்டிக் உருண்டைகள்: கறுப்பு கார்பன், சிவப்பு ஆக்சிஜன், வெள்ளை ஹைட்ரஜன். அந்த டப்பாவும் மூடித்தான் இருக்கிறது. திறந்திருப்பது எக்செல் மட்டும்.

இறுதியாண்டு மாணவர். டிசம்பரில் நரம்பியல் பி.எச்.டி.க்கு விண்ணப்பிக்க வேண்டும். மூன்று வருடம் தள்ளிப்போட்ட கரிம வேதியியல் இப்போது வாசலில் வந்து நிற்கிறது. முதல் மிட்டெர்மில் நூற்றுக்கு 41. வகுப்புச் சராசரியே 52தான் என்று தெரிந்ததும் பாதி உயிர் திரும்பியது. இரண்டாவது மிட்டெர்ம் அந்தப் பாதியையும் எடுத்துக்கொண்டது.

செமஸ்டரின் முதல் ஓரிரு வாரத்தில் பாடத்தை விட்டால் மதிப்பெண் பட்டியலில் தடயமே இராது. ஆனால் அப்போது இவர் உற்சாகமாகப் புது நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு, பாதி செமஸ்டர் தாண்டி வரும் ஒரு கெடு வரை விலகலாம். பட்டியலில் 'டபிள்யூ' என்று ஓர் எழுத்து உட்கார்ந்துகொள்ளும். அது ஜி.பி.ஏ.வைத் தொடாது. சேர்க்கைக் குழுவின் கண்ணில் படும், அவ்வளவுதான். நம்மூர் அரியரில் இந்த அவஸ்தை கிடையாது. அது தானாக விழும், யாரும் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

எக்செல்லுக்கு வருவோம். இதுவரை 90 கிரெடிட், ஜி.பி.ஏ. 3.70. நான்கு கிரெடிட் பாடத்தில் 'சி' வந்தால் 3.63. 'பி மைனஸ்' வந்தால் 3.66. டபிள்யூ என்றால் அப்படியே 3.70. தசமத்துக்குப் பிறகு வரும் இந்த ஏழுக்காக பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று வண்ணத்தில் பத்தி பிரித்திருக்கிறார். அந்த நேரத்தில் ஒரு அத்தியாயம் படித்திருக்கலாம் என்று அறைத்தோழன் சொன்னான். அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை.

ஆலோசனை கேட்பதில் குறை வைக்கவில்லை. கல்வி ஆலோசகர், "அது பொறுத்தது" என்றார். எதைப் பொறுத்தது என்று கேட்பதற்குள் அரைமணி நேரம் முடிந்தது. டியூட்டர், "கேள்விக்கு வாங்க" என்றார். கணக்கு வேறு இடித்தது: இந்த செமஸ்டரில் எடுத்த பதினைந்து கிரெடிட்டில் நான்கு போனால் பதினொன்று. பன்னிரண்டுக்குக் கீழே இறங்கினால் முழுநேர மாணவர் தகுதி போய், உதவித்தொகைக்கும் ஆபத்து. இதைக் கண்டுபிடித்த இரவே, செமஸ்டர் நடுவில் தொடங்கும் ஒரு கிரெடிட் பௌலிங் வகுப்பையும் கண்டுபிடித்துவிட்டார். எலெக்ட்ரான் எந்தப் பக்கம் நகரும் என்று கேட்டால் திணறுவார். விலகல் விதியில் எந்த உட்பிரிவு எங்கே நகரும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்.

மேற்கோளுக்கு ஒரு மகான் வேண்டுமே, அவர் ஜான் கர்டன். 1949இல் ஈட்டன் பள்ளியின் உயிரியல் பாடத்தில் 250 பேரில் 250ஆவது. 2012இல் மருத்துவ நோபல். காலையில் இவர் சொல்வார்: "பார், கடைசியாக வந்தவரே ஜெயித்தார், நான் விடமாட்டேன்." சாயங்காலம் சொல்வார்: "பார், அவரைப் பள்ளியில் அறிவியலே படிக்கவிடவில்லை, லத்தீனும் கிரேக்கமும் படித்தார், அப்படியும் ஜெயித்தார், விட்டால் என்ன?" கர்டன் இரண்டு பக்கத்துக்கும் வக்கீல்.

நியூயார்க் பல்கலைக்கழகக் கதையைக் கேட்டால் மட்டும் பெருமூச்சு வரும். 2022இல் மெய்ட்லண்ட் ஜோன்ஸின் கரிம வேதியியல் வகுப்பில் 350 பேர். மதிப்பெண் நியாயமில்லை என்று 82 பேர் மனுப் போட்டார்கள். நிர்வாகம் அந்த 84 வயதுப் பேராசிரியரின் ஒப்பந்தத்தையே முடித்துக்கொண்டது. இவருக்கு அதெல்லாம் முக்கியமில்லை. வகுப்பு முடிந்த பிறகும் சிலரை விலக விட்டார்களாமே, அதுதான் வயிற்றெரிச்சல்.

கெடு வெள்ளிக்கிழமை இரவு 11.59. பதினொன்றரைக்குப் பக்கத்தைத் திறந்தார். 'நிச்சயமாகவா?' என்று திரை கேட்டது. இத்தனை வாரத்தில் இவரை நேராக இப்படி யாரும் கேட்டதில்லை. அம்மாவுக்குப் போன் போட்டார், அவர் தூங்கிவிட்டார். எக்செல்லில் ஒரு கட்டத்தைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பியபோது மணி 12.02. பொத்தான் சாம்பல் நிறத்தில் இருந்தது.

திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தார், முன்வரிசையில் உட்கார்ந்தார். லேப்டாப்பில் புதிதாக ஒரு பக்கம். தலைப்பு: 'பாஸ்/ஃபெயில் முறைக்கு மாறலாமா? கெடு, வரும் வியாழன்.'