113 கிலோமீட்டர் சார்

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் புராஜெக்ட் மேனேஜர். வயது 43. வீட்டுக் கடன் பாதி அடைந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் கொழுப்பு என்ற வரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி. இந்த நான்கும் ஒரே ஆளிடம் கூடிவிட்டால், ஆறு மாதத்துக்குள் அவர் ஒன்று கோயில் கோயிலாகக் கிளம்பிவிடுவார், இல்லாவிட்டால் ட்ரையத்லானுக்குப் பெயர் கொடுத்துவிடுவார். நம் சார் பெயர் கொடுத்துவிட்டார். இரண்டுக்கும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தண்ணீரில் இறங்கத்தான் வேண்டும். கோயில் என்றால் செலவு குறைவு, முடிவில் பொங்கலும் கிடைக்கும்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நடுவில் உட்காராமல் அடுத்தடுத்து முடிப்பது ட்ரையத்லான். சார் குறிவைத்திருப்பது கோவாவில் 2019-இல் தொடங்கிய ‘அயர்ன்மேன் 70.3’. கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். ஆக மொத்தம் 113. அந்த 70.3 மைல் கணக்கு. பிறந்ததிலிருந்து கிலோமீட்டரிலேயே வாழ்ந்த மனிதர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மைலுக்கு மாறி, பெரிய எண்ணைச் சின்னதாக்கிச் சொல்கிறார். “செவன்டி பாயின்ட் த்ரீ எடுக்கப் போறேம்மா” என்று அம்மாவிடம் போனில் சொன்னபோது, “யாருக்குடா எழுபது மார்க், பேரனுக்கா? பரவால்ல, திட்டாதே” என்று பதில் வந்தது.

சார் இதில் இறங்கக் காரணமே ஆபீஸ்தான். இலக்கு, கெடு, வாராந்தர அறிக்கை, வருடாந்தர மதிப்பீடு எல்லாவற்றிலிருந்தும் காலையில் ஒரு மணி நேரமாவது தப்பிக்க வேண்டும் என்று ஓட ஆரம்பித்தார். கொஞ்ச நாளிலேயே 24 வாரத்துக்கு எக்செல்லில் பயிற்சி அட்டவணை போட்டாகிவிட்டது. பச்சைக் கட்டம் என்றால் முடித்தது. மஞ்சள் என்றால் தள்ளிப்போனது. சிவப்பு என்றால் மனைவி வழி உறவில் கல்யாணம்.

அத்தோடு நிற்காமல் மணிக்கட்டில் ஒரு மேனேஜரையும் கட்டிக்கொண்டார். அந்தக் கடிகாரம் இதயத் துடிப்பை எண்ணும், தூக்கத்துக்கு மார்க் போடும், இன்னும் 41 மணி நேரம் ஓய்வெடு என்று உத்தரவு போடும். ஒரு வாரம் பயிற்சி சரியில்லை என்றால் ‘அன்புரொடக்டிவ்’ என்று முகத்துக்கு நேரே எழுதிக் காட்டிவிடும். அதே விஷயத்தைச் சொல்ல ஆபீஸ் மேனேஜராக இருந்தால் காபி வாங்கிக் கொடுத்து அரை மணி நேரம் சுற்றி வளைத்திருப்பார். ஆனால் ஆபீஸ் மேனேஜருக்குக் கம்பெனி சம்பளம் கொடுக்கிறது. இந்த மேனேஜரை சார் சொந்தக் காசில் அமர்த்தியிருக்கிறார்.

திங்களும் புதனும் நீச்சல். வேளச்சேரி நீச்சல் குளத்தில் பக்கத்துப் பாதையில் பத்து வயதுப் பிள்ளைகள் போய்த் திரும்பிப் போய்த் திரும்பிக்கொண்டிருக்க, சார் மூச்சுவிடக் கற்றுக்கொண்டிருப்பார். குளத்தின் அடியிலாவது வழி காட்டக் கறுப்புக் கோடு உண்டு. கடலில் அதுவும் கிடையாது. தலையை அடிக்கடி தூக்கி மிதவை எங்கே என்று பார்த்துக்கொண்டே நீந்த வேண்டும். கோவளத்தில் முதன்முதலாகக் கடலில் இறங்கியபோது, மிதவை என்று நினைத்து நங்கூரம் போட்டிருந்த படகைக் குறிவைத்து நீந்திப் போய்விட்டார். படகிலிருந்தவர் எட்டிப் பார்த்து, “எங்க சார் போகணும்?” என்று அக்கறையாகக் கேட்டார். வாயில் உப்புத் தண்ணீர் மட்டும் இல்லாதிருந்தால் சார் “கோவாவுக்கு” என்று சொல்லியிருப்பார்.

அதற்கு முன்பே வெட்சூட் வாங்கி வைத்திருந்தார். உடம்பை ஒட்டிப் பிடிக்கும் அந்த ரப்பர் உடை குளிர்ந்த கடல்களுக்கானது. தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் போனால் அதைப் போட்டு நீந்துகிறவருக்குப் பரிசு கிடையாது. கோவாக் கடல் அதைவிட வெதுவெதுப்பு என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. “பரிசு வாங்குறவங்களுக்குத்தானே அந்த ரூல், நீங்க தாராளமாப் போட்டுக்கலாம்” என்று மனைவி ஆறுதல் சொன்னார். அன்றிலிருந்து வெட்சூட் பீரோவில் தொங்குகிறது. இருட்டில் கதவைத் திறந்த மாமியார் ஒருமுறை அலறியதைத் தவிர அதனால் வேறு பயன் ஏற்படவில்லை.

அடுத்தது சைக்கிள். கார்பன் சட்டம், முன்கையை ஊன்றிக் குனிந்துகொள்ள நீட்டிய கொம்புகள், செருப்பைக் கழற்றுவதுபோலக் காலைக் கழற்ற முடியாத பெடல். மாதத் தவணையில் வந்த அந்த வாகனத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த மாமியார், “இத்தனை லட்சம் வாங்கினானே, ஒரு ஸ்டாண்டு வெச்சுக் கொடுக்கக் கூடாதா?” என்றார். ஸ்டாண்டு இல்லை, மணி இல்லை, மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை. விலை ஏற ஏற ஒவ்வொன்றாகக் குறையும் பொருள் இது. பிறகு சக்கரத்தை மாற்றினார். 300 கிராம் எடை குறைந்ததாம். “ரெண்டு நாள் நெய் ரோஸ்ட்டை விட்டிருந்தா இது சும்மாவே குறைஞ்சிருக்குமே” என்றார் மனைவி. சாரின் எக்செல்லில் அதற்குக் கட்டம் இல்லை.

காற்றைக் கிழிக்க வேண்டுமென்று காலை மழித்துக்கொண்டதுதான் வீட்டில் பெரிய விவகாரம் ஆயிற்று. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, “திருப்பதிக்கு வாடா, மொட்டை போடுறேன்னு வேண்டியிருக்கேன்னு பத்து வருஷமாக் கூப்பிடுறேன். மாட்டேன்னுட்டு இப்பக் காலுக்கு மொட்டை போட்டுட்டு வந்து நிக்கிறியே” என்றார்.

சனிக்கிழமை விடியலில் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்ப வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாருக்கு வாய்த்த மிகச் சிறந்த பயிற்சியாளர்கள் நாய்கள். பெடலில் எத்தனை வாட் சக்தி போகிறது என்று அளக்கும் கருவியில் அவரது வாழ்நாள் உச்சம் பதிவான இடம் உத்தண்டி தாண்டி ஒரு டீக்கடை வாசல். அந்தப் பழுப்பு நாய்க்கு இன்றுவரை அது தெரியாது.

ஓட்டத்தில் நிலைமை நேர்மாறு. ‘ஸோன் டூ’ என்று ஒன்று இருக்கிறது. இதயம் பதறாமல், பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு மெதுவாக ஓட வேண்டும். நெடுந்தூரத்துக்கான தெம்பு அதில்தான் வளரும். விஞ்ஞானம் சரியானதுதான். பெசன்ட் நகர் கடற்கரையில் வாக்கிங் போகும் மாமாக்கள் சாரைத் தாண்டிப் போவது மட்டும்தான் பார்க்கச் சகிக்காது. ஒரு மாமா திரும்பிப் பார்த்து, “கால்ல அடியா சார்?” என்று விசாரித்தார். “இல்ல அங்கிள், ஸோன் டூ” என்றார் சார். “அடடா, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?” என்று கேட்டுவிட்டு மாமா வேகமாக நடந்து போனார்.

ஓடி முடித்ததும் கணக்கை ஸ்ட்ராவா செயலியில் ஏற்ற வேண்டும். அதில் ஏறாத ஓட்டம் ஓடாத ஓட்டம். வீட்டு வாசலுக்கு வரும்போது 9.83 என்று காட்டினால் சார் மாடிக்குப் போக மாட்டார். பத்து ஆகும்வரை கார் நிறுத்துமிடத்தில் தூண்களைச் சுற்றி வருவார். நேர்த்திக்கடன் என்று நினைத்துப் பால் பாக்கெட் போடுகிறவர் ஒதுங்கி வழிவிடுவார்.

சாப்பாட்டுக்கும் கணக்கு உண்டு. நெடுந்தூரப் போட்டியில் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். அதற்கு வழவழப்பாக ஜெல் வைத்த சின்னப் பாக்கெட்டுகள். ஒன்றின் விலைக்கு ஒரு கிலோ கடலை மிட்டாயே வாங்கலாம். போட்டிக்கு முந்தைய நாள்களில் சோறும் மாவுப் பண்டமுமாகத் தின்று உடம்பில் சேர்த்து வைப்பதற்குக் ‘கார்ப் லோடிங்’ என்று பெயர். காலையில் இட்லி, மதியம் மூன்று கை சோறு, ராத்திரி தோசை என்று நம் வம்சம் தலைமுறை தலைமுறையாகக் கார்ப் லோடிங் செய்து முடித்துவிட்டது. ஓடுவது மட்டும்தான் பாக்கி.

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் நேரமும் போட்டிக் கணக்கில் சேரும். ஆகவே ஞாயிறு மாலைகளில் கூடத்தில் ஒத்திகை. ஈரத்தோடு ஓடிவந்து, ஹெல்மெட்டின் கொக்கியைப் பூட்டிய பிறகே சைக்கிளைத் தொட வேண்டும். மாற்றிச் செய்தால் தண்டனை. மகன் கையில் ஸ்டாப்வாட்ச். மூன்று நிமிடத்தில் ஆள் முழுக்க மாறிவிடுவதைச் சோபாவிலிருந்து பார்த்த மனைவி, “போன வாரம் எங்க சித்தப்பா பொண்ணு ரிசப்ஷனுக்குக் கிளம்ப ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சேங்க, அது எப்படி?” என்று கேட்டார்.

இத்தனை தளவாடங்கள் எதுவும் இல்லாமல்தான் அயர்ன்மேன் பிறந்தது. நீச்சல்காரனா, சைக்கிள்காரனா, ஓட்டக்காரனா, யார் அசல் வலுவுள்ளவன் என்று ஹவாயில் கிளம்பிய வாய்ச்சண்டையைத் தீர்க்க, ஜான் காலின்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி மூன்றையும் ஒரே போட்டியாகக் கோத்தார். 1978 பிப்ரவரியில் ஒவாஹு தீவில் 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் மிதித்து, ஒரு முழு மாரத்தானும் ஓடி, கார்டன் ஹாலர் 12 மணி நேரத்துக்குள் முதலில் வந்தார். இரண்டாவதாக வந்த ஜான் டன்பருக்கு ஓட்டத்தின் நடுவில் தண்ணீர் தீர்ந்துபோக, கூட வந்தவர்கள் பீர் கொடுத்திருக்கிறார்கள். இந்த வரலாற்றில் சாரின் நண்பர்கள் மனப்பாடமாக வைத்திருப்பது அந்தக் கடைசிப் பகுதியை மட்டும்.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பயிற்சியைக் குறைத்து உடம்பைத் தேற்ற வேண்டும். வீட்டார் இத்தனை நாள் இதற்காகத்தான் காத்திருந்தார்கள். ஆனால் அந்த இரண்டு வாரம்தான் மிகக் கொடுமை. நேரம் மிஞ்சிப்போன சார் முழங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து இல்லாத வலியைக் கண்டுபிடித்தார். சாம்பார் தாளித்தபோது யாரோ தும்ம, முகக்கவசம் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் மனைவியே, “கொஞ்சம் ஓடிட்டுத்தான் வாங்களேன்” என்று கெஞ்சினார்.

சாருக்கு மூன்று இலக்குகள். ஆறு மணி நேரத்துக்குள் முடிப்பது எக்செல்லுக்கு மட்டும் தெரிந்தது. ஏழு மணி நேரம் நண்பர்களிடம் சொன்னது. எட்டரை மணி நேரக் கெடுவுக்குள் உயிரோடு வந்து சேர்வது மனைவிக்குச் சொன்னது. கோவாவில் மீராமார் கடற்கரைக்குச் சார் திரும்பி வந்தபோது ஏழே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. மூன்றில் மனைவிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டார்.

ஊருக்கு வந்ததும் அம்மா கேட்டது ஒரே கேள்வி: “எத்தனாவதுடா வந்தே?” முடிப்பதே பெரிய விஷயம் என்று சார் விளக்கினார். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி விடு, அடுத்த தடவை கவனமாப் பண்ணு” என்றார்.

சிரிக்கலாம்தான். ஆனால் இருபது வருடமாக ஆபீஸில் என்ன செய்கிறாய் என்று இதே அம்மா கேட்டால் சாரால் ஒரு வாக்கியம் சொல்ல முடியாது. கூட்டம் கூட்டினார், ஒருங்கிணைத்தார், அடுத்த காலாண்டுக்குத் தள்ளிவைத்தார். வேலையில் எது அவர் செய்தது, எது தானாக நடந்தது என்று அவருக்கே பிரித்துச் சொல்ல வராது. 113 கிலோமீட்டரில் அந்தக் குழப்பம் இல்லை. ஒரு மீட்டரைக்கூட ஜூனியரிடம் ஒப்படைக்க முடியாது, காலாண்டு தாண்டித் தள்ள முடியாது. மணிக்கட்டு மேனேஜர் கடுமையானவர்தான். ஆனால் செய்ததைச் செய்ததாகவும் செய்யாததைச் செய்யாததாகவும் எழுதுகிறார். அதற்காகத்தான் சார் காசு கொடுத்துத் திட்டு வாங்குகிறார்.

இப்போது அவர் பார்வை வேறொரு பக்கம் திரும்பியிருக்கிறது. இந்தப் போட்டிகளில் ஐந்தைந்து வருடமாக வயதுப் பிரிவு உண்டு. 40 முதல் 44 வரை உள்ளவர்களின் கூட்டத்தில் சார் தேறுவது கஷ்டம். 45 ஆனால் அடுத்த பிரிவில் அவர்தான் சின்னப் பையன். அடுக்ககத்தில் அவர் வயதுக்காரர்கள் மீசைக்கு மை தீட்டிக்கொண்டிருக்க, சார் மட்டும் பிறந்தநாளுக்கு நாள் எண்ணுகிறார். ஜப்பானைச் சேர்ந்த ஹிரோமு இனாடா 2018-இல் தமது 85-ஆவது வயதில் ஹவாயில் முழு அயர்ன்மேனை முடித்தார் என்று படித்ததிலிருந்து எக்செல் அட்டவணை அந்த வயது வரைக்கும் நீண்டுவிட்டது.

“எண்பது தாண்டிட்டா போட்டியே கிடையாதும்மா. ஸ்டார்ட்டிங் லைன்ல போய் நின்னாலே பாதி மெடல்” என்று மனைவியிடம் திரையைத் திருப்பிக் காட்டினார்.

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டம் கட்டமாகப் பார்த்தார். பிறகு கேட்டார்: “அதுக்குள்ள இந்த சைக்கிள் ஈ.எம்.ஐ. முடிஞ்சிடுமாங்க?”