கடல் கடந்த உள்நாட்டுப் படிப்பு

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் தன் பொறியியல் வளாகத்தை 2001-இல் பேராக்கின் துரோனோவிலிருந்து நிபோங் திபாலுக்குக் கொண்டுவந்தது. உள்ளூர்ப் பெற்றோருக்கு ஒரே பூரிப்பு. பிள்ளை மோட்டாரில் போய்ப் படிக்கும், மதியம் வீட்டுச் சோறு.

பல்கலைக்கழக இடம் ஒதுக்கும் யூ.பி.யூ. முடிவு வந்தது. பொறியியல்தான், கோத்தா கினபாலுவில்! சபாவிலிருந்து வரும் பிள்ளை நம் தெருவில் வாடகை அறை தேடும். நம் பிள்ளை அங்கே தேடும். இதுதான் தேசிய ஒருமைப்பாடு போலும்.

அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்தைச் சமாளித்துவிடலாம். ஆளை விழுங்குவது விமானம். தீபாவளி நெருங்க நெருங்க, நம் பண்டிகை நமக்கு முன்பே விமான நிறுவனத்துக்குத் தெரிந்துவிடுகிறது. சொந்த நாட்டுக்குள் பறந்து போய் இறங்கினால், அங்கே குடிநுழைவு முகப்பு வேறு.

பணத்துக்கு வழி? 1997-இல் தொடங்கிய பி.டி.பி.டி.என். கடன் இருக்கிறது, சேவைக் கட்டணம் ஆண்டுக்கு ஒரு விழுக்காடுதான். அப்பாவின் இ.பி.எஃப். சேமிப்பிலும் படிப்புக்கென்று எடுக்கலாம். மிச்சத்துக்கு அம்மா மாதாமாதம் கட்டிவரும் கூட்டுப் பணம். கூட்டு நடத்தும் தொழிலை 1971-இலேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஆனால், விமான டிக்கெட்டுக்கு மறுநாளே ஐந்நூறு வெள்ளி எண்ணிக் கொடுக்கிற அரசு இலாகாவை இதுவரை யாரும் தொடங்கவில்லை.

“முதல் வகுப்பில் தேறினால் கடனிலிருந்து விலக்குக் கேட்கலாமாம்பா” என்கிறது பிள்ளை.

“நல்லா படிய்யா. தீபாவளிக்குக்கூட வர வேணாம், அங்கேயே உட்கார்ந்து படி” என்கிறார் அப்பா.