கீழ்வீட்டு மழை

அடுக்குமாடியில் ஒழுகுகிற பாத்ரூம் ஒருவருடையது, நனைகிற சீலிங் இன்னொருவருடையது. ஆகவே அவசரம் எப்போதும் கீழ்வீட்டில்தான். “ஒரு வாரமா நாங்க ஊர்லயே இல்லையே சார்!” என்பார் மேல்வீட்டுக்காரர். உண்மைதான். ஆனால் டைல்ஸுக்கு அடியில், பள்ளமாக இறக்கிப் போட்ட ஸ்லாபில் நிரப்பிய செங்கல் ஜல்லி குடித்து வைத்திருக்கும் தண்ணீர், வீடு பூட்டியிருந்தாலும் நிதானமாகச் சொட்டும்.

பிளம்பர் வருவார். சுவரை இரண்டு தட்டு தட்டிவிட்டு, “மொத்த டைல்ஸையும் உடைக்கணும்” என்பார். எந்த ஒழுகலுக்கும் இதே மருந்துதான்.

உடைக்குமுன் காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. தரைத் தண்ணீர் வடியும் நஹானி டிராப்பின் வாயைத் துணியால் இறுக்கி அடைத்து, தரையில் ஓரங்குலத் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்துங்கள். தேங்கி நிற்கும்போதே மட்டம் இறங்கிக் கீழே கசிந்தால் தரை. திறந்துவிட்ட பிறகு கசிந்தால் டிரெயின் பைப். ஃபிளஷ் டேங்குக்குக் கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை. அரைமணியில் கோப்பைக்குள் நிறம் இறங்கினால் வாஷர் போச்சு. சர்க்கரை வேண்டாம்.

யார் செய்கிறார்கள்? அசோசியேஷன் கூடி, கசிந்த சீலிங்குக்குப் பெயின்ட் அடிக்கத் தீர்மானம் போடும். செலவு கீழ்வீட்டுக்காரருடையது.