மருந்துக்கு முன்பரீட்சை

கேள்வி: மார்பகப் புற்றுக்கட்டியை ஆய்வகத்தில் வளர்க்கிறார்களாமே! உடம்பில் இருப்பது போதாதா?

பதில்: உடம்பில் இருப்பதன்மேல் ஒவ்வொரு மருந்தாகப் போட்டுப் பார்த்தால், கட்டிக்கு முன்னால் நோயாளி கரைந்துவிடுவார். அதனால் பயாப்ஸித் துணுக்கை ஜெல்லில் வைத்து, குட்டிக் கட்டிகளாக வளர்த்து, மருந்தை முதலில் அவற்றின்மேல் போட்டுப் பார்க்கிறார்கள். பெயர் ஆர்கனாய்டு. பெரும்பாலும் பயன்படும் ஜெல், எலியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுப்பது!

கேள்வி: ஜீன் டெஸ்ட்தான் இருக்கிறதே?

பதில்: அது ஜாதகம். இது நேரில் போய்ப் பார்ப்பது.

கேள்வி: இதனால் யாருக்காவது பலன் கிடைத்ததா?

பதில்: அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள ஹன்ட்ஸ்மேன் புற்றுநோய் நிலையம் 2022-ல் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியது. அவருக்கு 'டிரிப்பிள் நெகட்டிவ்'. ஹார்மோன் மாத்திரைக்குப் பிடிகொடுக்காத ரகம். நோய் சீக்கிரமே திரும்பிப் பரவிவிட்டது. அந்நிலையத்தின் அலானா வெல்ம் குழு அவருடைய கட்டியை எலியிலும் ஆர்கனாய்டாகவும் வளர்த்து, மருந்துகளை வரிசையாகச் சோதித்தது. தேறியது எரிபுலின். புது மருந்தல்ல, கடற்பஞ்சில் கண்டெடுத்த வேதிப்பொருளை ஒட்டிச் செய்தது, 2010-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைக் கொடுத்ததும் கட்டி முழுதாக மறைந்தது. முந்தைய சிகிச்சைகள் நோயைத் தடுத்து நிறுத்தியதைவிட மூன்று மடங்குக்கும் அதிக காலம் இது நிறுத்தியது. ஒரு பானைக்கு ஒரு சோறு பதம்தான். ஆனால் ஒரு நோயாளி பதமாக மாட்டார்.

கேள்வி: ஆய்வகத் தட்டில் தோற்ற மருந்து உடம்பில் ஜெயிக்காதா?

பதில்: லண்டனில் இரைப்பை, குடல் புற்றுகளை வைத்துப் பார்த்தார்கள் (2018). ஆர்கனாய்டு 'உதவாது' என்ற மருந்து எதுவும் நோயாளிக்கு உதவவில்லை. 'உதவும்' என்றது 88 சதவீதம் பலித்தது. ஆக, 'வேண்டாம்' சொல்வதில்தான் கெட்டி. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. முற்றிய நோயில் வீண் கீமோ ஒன்று குறைந்தால், வாந்தியும் முடி உதிர்தலும் மட்டுமா மிச்சம்? நாட்களும்தான்.

கேள்வி: பிறகென்ன, எல்லாருக்கும் செய்யலாமே?

பதில்: வளர வாரங்கள் ஆகும், எலியில் மாதங்கள். நோய் அதுவரை கைகட்டி நிற்காது. சில கட்டிகள் வளரவே மறுக்கும். சாதாரண ஆர்கனாய்டில் ரத்தக்குழாயும் கிடையாது, நோய் எதிர்ப்புச் செல்களும் கிடையாது. அந்தச் செல்களைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபியை அதில் சோதிப்பது ஆளில்லாத வீட்டில் கதவைத் தட்டுவதுதான்.

கேள்வி: பணம் கட்டினால் செய்து தருகிறோம் என்று விளம்பரம் வந்தால்?

பதில்: 'எத்தனை நோயாளிகளிடம் சரிபார்த்தீர்கள், எங்கே வெளியிட்டீர்கள்?' என்று கேளுங்கள். பெரும்பாலும் லைன் கட்டாகிவிடும்.