கம்ப்ளெய்ண்டுக்காரர்

கம்ப்ளெய்ண்டுக்காரரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. காதால் கேட்டே அடையாளம் சொல்லிவிடலாம். அவர் செல்போனைக் காதில் வைக்கும் ரகம் இல்லை. ஸ்பீக்கரில் போட்டுத் திண்ணையில் கிடத்திவிட்டு, பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று ஒரு பெண்குரல் தெருக்கோடிவரை அறிவிக்கும். பிறகு பியானோ. மறுபடியும் முக்கியமானது. மறுபடியும் பியானோ. குடியாத்தத்தில் தறிச் சத்தம் குறைந்துபோன தெருக்களில் இப்போது விடாமல் ஒலிப்பது இதுதான்.

இவர் எல்லாத் தெருவிலும் உண்டு. ஒரு தெருவில் ரிட்டயர்டு வாத்தியார், இன்னொன்றில் கைத்தறி சொசைட்டியில் கணக்கு எழுதியவர். எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் பேரணாம்பட்டு டேனரியில் ஃபினிஷிங் செக்ஷனில் வேலை பார்த்து ஓய்ந்தவர். இடுப்பில் உள்ளூர் லுங்கி, மூக்கில் கயிறு கட்டிய கண்ணாடி, கையில் நீளமான கணக்கு நோட்டு. நோட்டில் கோடு போட்டு ஐந்து கட்டம். தேதி, நேரம், பேசியவர் பெயர், டாக்கெட் நம்பர் என நான்கு. ஐந்தாவது கட்டத்தின் தலைப்பு: சொன்ன பொய்.

பிறவியிலேயே அவர் இப்படி இல்லை. ஒருநாள் அவருக்கே தெரியாமல் அவர் போனில் காலர் டியூன் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. கூப்பிட்டவர்களெல்லாம் "இன்னா நைனா, இந்த வயசுல குத்துப் பாட்டு கேக்குதா?" என்று விசாரித்த பிறகுதான் 49 ரூபாய் போயிருப்பது தெரிந்தது. கடைக்கு ஓடினார். "எதுனா பட்டனை அமுக்கியிருப்பீங்க அங்கிள்" என்றான் பையன். வீட்டுக்கு வந்து சொன்னார். "நாப்பத்தொம்போது ரூபாதானே, விடுங்க" என்றார்கள்.

அவர் விடவில்லை. அன்று அவர் சொன்னதை அவருடைய கொள்கை விளக்கம் என்றே எடுத்துக்கொள்ளலாம். "நாப்பத்தொம்போதுன்னு முடிவு பண்ணது யாரு? நானா? அவன். ஐந்நூறு புடிச்சா சண்டைக்கு வருவேன்னு அவனுக்குத் தெரியும். அஞ்சு ரூபா புடிச்சா அவனுக்குக் கட்டாது. நாப்பத்தொம்போதுன்னா சலிச்சிக்கினு போய்ப் படுத்துக்குவேன்னு எவனோ ஏசி ரூம்ல உக்காந்து கணக்குப் போட்டிருக்கான். அந்தக் கணக்கைத்தான் தப்பாக்கப் போறேன்."

தப்பாக்கினார். இப்படிப்பட்ட சேவை எதையும் வாடிக்கையாளர் இரண்டு முறை சம்மதம் சொன்ன பிறகே தொடங்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. நிறுத்துவதற்கு 155223 என்று ஓர் எண்ணும் உண்டு. விதி இருக்கிறது. விதி இருப்பதைக் கம்பெனிக்கு ஞாபகப்படுத்த ஓர் ஆள்தான் தேவைப்படுகிறது. மூன்றாவது வாரம் 49 ரூபாய் திரும்பி வந்தது. அந்த மெசேஜை அவர் இன்றுவரை அழிக்கவில்லை. கல்யாண வீட்டில்கூட எடுத்துக் காட்டுவார்.

அடுத்த போர் ரீசார்ஜ் கடையில்.

"ஒரு மாச பிளான் போடுப்பா. எத்தினி நாளு?"

"28 நாள் அங்கிள்."

"நான் பிப்ரவரிக்கா கேட்டேன்?"

28 நாள் வீதம் போனால் வருஷத்துக்குப் பதின்மூன்று ரீசார்ஜ். "டேனரியில எனக்குப் பன்னெண்டு சம்பளம்தான் குடுத்தாங்க. இவன் பதிமூணு மாசத்துக்கு வாங்கறான். பங்குனிக்கும் சித்திரைக்கும் நடுவுல எந்த மாசம் கீது, சொல்லு" என்பார். பின்னால் நிற்கிற வரிசை சிரிக்கும், கடைக்காரர் நெளிவார். ஆனால் விஷயம் அவர் பக்கம். 30 நாள் பிளான் ஒன்றையாவது ஒவ்வொரு கம்பெனியும் வைத்தே ஆகவேண்டும் என்று டிராய் 2022 ஜனவரியில் சொல்லிவிட்டது. நெட் வேண்டாம், பேசினால் போதும் என்பவர்களுக்குத் தனி பிளான் வேண்டும் என்று 2024 டிசம்பரில் சொன்னது. பட்டன் போன் வைத்திருக்கும் மனைவிக்கு அதைக் கேட்டு வாங்கியவர் எங்கள் தெருவில் இவர் ஒருவர்தான். "இதெல்லாம் யாரும் கேக்கறதில்ல அங்கிள்" என்றான் பையன். "போர்டுல போட்டாத்தானடா கேப்பாங்க?"

கம்பெனியோடு பேசும்போது ஆள் வேறு மாதிரி. எட்டு முறை எண்ணை அமுக்கி, பியானோ முழுவதையும் கேட்டு முடித்து, கடைசியில் ஒரு பெண் எடுத்தால் முதல் கேள்வி "சாப்ட்டியாம்மா?" என்பதுதான். எந்த ஊர், எத்தனை மணிக்கு ஷிப்ட் முடியும், பஸ் இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பார். "உம்மேல கோவமில்லம்மா. உன் மொதலாளிய லைன்ல குடு." முதலாளி லைனில் வந்ததாகச் சரித்திரம் இல்லை. கடைசியில் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் கேட்டு மெசேஜ் வரும். பிரச்சினை தீர்ந்திருக்காது. ஆனாலும் ஐந்து போடுவார். "அந்தப் பொண்ணு சம்பளம் அதுலதான் கீது."

இப்போது பெண் எடுப்பதும் நின்றுபோய், இயந்திரம் சாட்டில் வருகிறது. இவருக்குச் சாட் பழக்கமில்லை, மனுதான் பழக்கம். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள் என்று வரிசையாகத் தட்டி, நிலைமையை நான்கு பத்தியில் விளக்கி, "இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள" என்று முடித்து அனுப்புவார். ஒரு நொடியில் பதில் வரும்: "மன்னிக்கவும், புரியவில்லை. கீழே உள்ளவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்: ரீசார்ஜ், புதிய பிளான், சிறப்புச் சலுகை." ஐந்தாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று அவர் திகைத்த சந்தர்ப்பம் அதுதான். புரியவில்லை என்று அது சொன்னது பொய்யில்லையே!

தெரு இவரைப் பார்த்துச் சிரிக்கும். சிரித்துவிட்டு, இருட்டியதும் ஒவ்வொருவராகத் திண்ணைக்கு வரும். பீடி சுற்றும் அக்காவின் கணக்கிலிருந்து மாதாமாதம் 199 ரூபாய் போகிறது, எதற்கென்று தெரியவில்லை. இவர் நோண்டிப் பார்த்தால், பேரன் ஏதோ ஜோசிய ஆப்பை ஒரு ரூபாய் டிரையலில் போட்டிருக்கிறான். ஒரு ரூபாய்க்குச் சம்மதம் வாங்கியவன் 199-க்கும் சேர்த்தே வாங்கிவிட்டான். பீடி சுற்றும் கைக்கு 199 ரூபாய் ஏறக்குறைய ஒரு நாள் பாடு. யூபிஐ ஆப்புக்குள் போய், ஆட்டோபே இருக்கிற மூலையைக் கண்டுபிடித்து, அவர் அதை ரத்துசெய்வதைப் பார்க்க வேண்டும். முகத்தில் அறுவை சிகிச்சை செய்கிற தீவிரம். இப்படித் தானாகப் பிடிக்கிற பணத்துக்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் சொல்ல வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபர் முதல் அமலில் இருக்கிறது. "மெசேஜ் வந்துச்சாக்கா?" "தினம் நாப்பது மெசேஜ் வருது. லோன் வேணுமான்னுதான் எல்லாத்துலயும் கேக்கறான்." தகவல் வந்திருக்கிறது. நாற்பதுக்கு நடுவில் அது புதைந்து கிடக்கிறது.

அவர் வீட்டுச் சுவரில், தினசரி காலண்டருக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் ஒட்டியிருக்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த பட்டியல். ஆன்லைன் வியாபாரத்தில் செய்யக்கூடாத 13 தந்திரங்கள் அதில் இருக்கின்றன. "இன்னும் 2 மட்டுமே உள்ளது" என்று பொய்யாக அவசரப்படுத்துவது ஒன்று. கேட்காத இன்சூரன்ஸைக் கூடையில் நைசாகச் சேர்ப்பது ஒன்று. சேருவதற்கு ஒரு பட்டன், விலகுவதற்கு ஒன்பது பக்கம் என்பது ஒன்று. இவருக்கு ரத்தம் கொதிப்பது, வேண்டாம் என்று சொல்கிறவனை அவமானப்படுத்தும் பட்டன்தான். "இல்லை, என் குடும்பத்தின் பாதுகாப்பில் எனக்கு அக்கறை இல்லை" என்பதை அமுக்கினால்தான் மேலே போக முடியும். "சந்தையில கத்திரிக்கா வேணாம்னு சொன்னா, 'எம் பொண்டாட்டி புள்ளைங்க எக்கேடோ கெடட்டும்'னு எழுதிக் குடுத்துட்டுப் போன்னு எந்தக் கடைக்காரனாவது சொல்றானா?"

இத்தனை தெரிந்தவரும் ஒருமுறை ஏமாந்தார். அதுவும் அவருடைய சொந்த வித்தையில். லுங்கி நெய்கிற ஊர்க்காரருக்கே கைத்தறி லுங்கி விளம்பரம் காட்டுகிற செல்போன், தோலில் ஊறிய இந்த மனிதருக்கு ஷூ விளம்பரம் காட்டியது. "ஆம்பூர் ஏற்றுமதி ரகம், ஒரிஜினல் லெதர், 699 மட்டுமே, இன்னும் 14 நிமிடங்கள்." தோலைக் கட்டைவிரலால் தடவியே மாடா ஆடா, எந்தப் பக்கத்துத் தோல் என்று சொல்லக்கூடியவர் அவர். படத்தைத் தடவினால் கண்ணாடிதானே தெரியும்? வாங்கிவிட்டார். கேட்டால், "சும்மா டெஸ்ட் பண்ணிப் பாக்கத்தான்" என்றார்.

பெட்டியைப் பிரித்ததுமே வாசனை காட்டிக்கொடுத்தது. ஆனாலும் முறைப்படி விசாரணை நடத்தினார். ஓரத்தில் துண்டு நறுக்கி, உள்ளூர்த் தீக்குச்சியைக் கிழித்து வைத்தார். தோல் என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும். இது உருகிச் சொட்டி பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது. அக்மார்க் ரெக்சின். ஆதாரத்துக்குப் படம் எடுத்து அனுப்பினார். "பயன்படுத்தப்பட்ட பொருளைத் திரும்பப் பெற இயலாது" என்றது இயந்திரம். அடுத்த முறையீட்டுக்கு, "உங்கள் பின்கோடுக்கு ரிட்டர்ன் பிக்கப் வசதி இல்லை." கொண்டுவந்து கொடுக்கத் தெரிந்த வழி, எடுத்துப்போக மட்டும் மறந்துவிட்டது. விற்ற பக்கம் மாயமாய் மறைந்தது. விளம்பரம் மறையவில்லை. ஷூ வாங்கியவன் ஷூ விரும்பி என்று கணக்கு வைத்து, வேறு வேறு பெயரில் அதே ரெக்சின் மாதக்கணக்கில் அவரைத் துரத்தியது.

டீக்கடையில் அவர் பேப்பர் படித்தால் பொருளாதாரப் பக்கம்தான். இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டதையும், வாட்ஸ்அப்பின் 2021 தனியுரிமைக் கொள்கைக்காக மெட்டாவுக்கு 2024 நவம்பரில் 213.14 கோடி போட்டதையும் பைசா சுத்தமாகச் சொல்வார். "அந்தப் பச்சை பட்டன் ஞாபகம் கீதா? 'ஏற்கிறேன்'னு நீயும் அமுக்கின, நானும் அமுக்கினேன். வேற பட்டனே காட்டலையே!" டீ ஆற்றுகிறவர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார்: "அதுல நமக்கு எவ்ளோ வரும்?"

ஒன்றும் வராது. அபராதம் அரசாங்கக் கஜானாவுக்குப் போகிறது, அதற்கும் முன்பு மேல்முறையீட்டுக்குப் போகிறது. அமெரிக்காவில் கதை கொஞ்சம் வேறு. பிரைம் சந்தாவில் ஆட்களைத் தந்திரமாகச் சேர்த்தது, விலகுவதைக் கஷ்டமாக்கியது என்று அங்கே கூட்டாட்சி வணிக ஆணையம் 2023-ல் அமேசான்மேல் வழக்குப் போட்டது. 2025 செப்டம்பரில் அமேசான் 250 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதில் 150 கோடி டாலர் வாடிக்கையாளர்களுக்குத் திரும்பிப் போகும் பணம். விலகும் வழிக்கு அந்தக் கம்பெனிக்குள் வைத்திருந்த பெயர் 'இலியட்' என்று ஆணையம் மனுவில் எழுதியிருந்தது. பத்து வருஷம் நடந்த யுத்தத்தைப் பற்றிய கிரேக்கக் காவியம் அது. "நம்மாளுன்னா மகாபாரதம்னு வெச்சிருப்பான். பதினெட்டு நாளுல முடிஞ்சிருக்கும்" என்றார் டீக்கடைக்காரர்.

கம்ப்ளெய்ண்டுக்காரரின் மனக்குறை பணத்தைவிடப் பெரியது. முதலமைச்சரான காமராஜர் 1954-ல் சட்டமன்றத்துக்கு இடைத்தேர்தலில் நின்றது இந்தக் குடியாத்தத்தில்தான். "ராஜ்யத்தை ஆண்டவரே ஓட்டு கேக்க எங்க ஊருக்கு வந்தாரு. மாசாமாசம் எங்கிட்ட காசு வாங்கறவன் எந்த ஊர்ல கீறான்னு கேட்டா, டாக்கெட் நம்பர் குடுக்கறான்."

வீட்டில் அவருக்கு அவ்வளவு மரியாதை இல்லை. கொல்லைப்புறக் குழாய் ரொம்ப நாளாய் ஒழுகுகிறது. "எனக்கும் ஒரு கம்ப்ளெய்ண்டு கீது, அதுக்கு எந்த நம்பரு?" என்று மனைவி கேட்டால், "பரிசீலனையில் உள்ளது" என்கிறார். வருஷத்தில் ஒரே ஒரு நாள், வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தன்று, திண்ணையில் பியானோ கேட்காது. பக்தி என்பார். கௌண்டன்ய மகாநதிக் கரையில் அவ்வளவு ஜனம் கூடினால் டவர் கிடைக்காது என்பதுதான் நிஜம். மறுநாள் காலையில் அதற்கும் ஒரு கம்ப்ளெய்ண்டு கொடுத்துவிடுவார்.

அவர் மீட்ட தொகையைவிட இழந்த நேரம் அதிகம்தான். நல்ல புத்தியுள்ளவன் 49 ரூபாய்க்குச் சண்டை போடமாட்டான். நம்மில் கோடிக்கணக்கான பேர் நல்ல புத்தியோடு இருப்போம் என்ற நம்பிக்கையில்தான் அந்த 49 ரூபாய் நிர்ணயிக்கப்படுகிறது. ஆகவே தெருவுக்கு ஒரு புத்தி கெட்டவர் அவசியம். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இல்லையென்றால் நீங்களே அந்தப் பதவியை ஏற்கலாம், சம்பளம் கிடையாது. விளம்பர அழைப்பு வந்தால் ஏழு நாளுக்குள் 1909-க்குப் புகார் சொல்லலாம். பொருளிலோ சேவையிலோ ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழில் பேசலாம், அழைப்புக்குக் காசு கிடையாது.