மேஜையின் இரண்டு பக்கம்

1987 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, நெய்வேலியில் எங்கள் சங்க ஆபீசில் அதே பேச்சுதான். பழுப்பு நிலக்கரி தோண்டுகிறவர்களுக்குத் தங்கம் தோண்டுகிறவர்கள் மேல் ஒரு பங்காளிப் பாசம். சுமார் 3 லட்சம் பேர், 21 நாள். தலைமை தாங்கிய சிரில் ராமபோசாவுக்கு அப்போது 34 வயது. போலீஸ்காரர் மகன். 1974-ல் பயங்கரவாதச் சட்டத்தில் பிடித்துப் பதினோரு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். பிறகு சட்டம் படித்து, 1982-ல் தேசியச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் முதல் பொதுச் செயலாளர் ஆனார். கேட் மீட்டிங்கில் அவர் பெயரைச் சொன்னால் கைதட்டல் விழும். உச்சரிப்புதான் ஆளுக்கொரு விதம். கேட்ட கூலி உயர்வு கிடைக்கவில்லை, ஆங்கிலோ அமெரிக்கன் கம்பெனி பல்லாயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது என்ற பகுதியை எங்கள் பேச்சாளர்கள் விட்டுவிடுவார்கள்.

பேரம் பேசுவதில் மன்னன். 1991-ல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் பொதுச் செயலாளரானதும் வெள்ளை அரசோடு பேசும் வேலை அவர் கைக்கு வந்தது. அந்தக் காலத்துக் கதை ஒன்று பிரசித்தம். ஒரு நண்பரின் பண்ணையில் எதிர்த்தரப்பு அமைச்சர் ரோல்ஃப் மேயர் மீன் பிடிக்கப் போய், தூண்டில் முள்ளை விரலில் ஏற்றிக்கொண்டார். வலிக்கு ஒரு கிளாஸ் விஸ்கியைக் கொடுத்துக் குடிக்கச் சொல்லிவிட்டு, குறடால் முள்ளைப் பிடுங்கி எடுத்தவர் ராமபோசா. 1992-ல் பேச்சுவார்த்தை முறிந்தபோதும் இந்த இருவருக்கு நடுவில் தொலைபேசி அறுபடவில்லை. பிறகு அரசியல் சாசனம் எழுதிய மன்றத்துக்கும் அவரே தலைவர்.

மண்டேலாவுக்கு அடுத்த இடம் தாபோ எம்பெக்கிக்குப் போனது. 1996-ல் ராமபோசா அரசியலை விட்டு வியாபாரத்துக்கு வந்தார். வந்த அழகைச் சொல்ல வேண்டும். ஆங்கிலோ அமெரிக்கன், ஆமாம், அதே ஆங்கிலோ அமெரிக்கன், ஜானிக் என்ற தன் கம்பெனியின் பங்குகளை இவர் முன்னின்ற கறுப்பின முதலீட்டாளர் கூட்டணிக்கு விற்றது. கூட்டணியில் தொழிற்சங்கங்களின் முதலீட்டுப் பணமும் இருந்தது. அப்புறம் சண்டுகா என்ற சொந்தக் கம்பெனி, எம்டிஎன் செல்போன் கம்பெனியின் தலைவர் நாற்காலி, கோகோ கோலா பாட்டில் தொழில், 2011-ல் தென்னாப்பிரிக்கா முழுமைக்கும் மெக்டொனால்ட்ஸ். எங்கள் பழைய பொருளாளர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு, "தோழர் பன்னு விக்கிறாராமே" என்றார்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. நம்மூரில் பதவியில் இருந்துகொண்டே சம்பாதிக்கிறார்கள்; இவர் பதவியை விட்டுவிட்டுச் சம்பாதிக்கிறார், இது நாணயமில்லையா என்று வாதாடினேன்.

2012 ஏப்ரலில் ஓர் ஏலம். ஒரு காட்டெருமைப் பசுவுக்கும் கன்றுக்கும் ராமபோசா கிட்டத்தட்ட 2 கோடி ராண்ட் வரை கேட்டார். வேறொருவர் மேலே கேட்டு எடுத்துப்போனார். நாடே வாயைப் பிளக்க, பின்னால் அவர் மன்னிப்புக் கேட்டார். ஏலத்துக்கு நாலு மாதம் கழித்து மாரிக்கானாவில் லோன்மின் பிளாட்டினம் சுரங்கத்தில் பாறை துளைக்கிறவர்கள் மாதம் 12,500 ராண்ட் கேட்டு உட்கார்ந்தார்கள். அந்த எருமைக்குக் கேட்ட விலையில் ஒரு தொழிலாளிக்கு நூறு வருஷத்துக்கு மேல் சம்பளம் கொடுக்கலாம். லோன்மின் இயக்குநர் குழுவில் ராமபோசா இருந்தார். அங்கே முதல் சில நாட்களிலேயே போலீஸ்காரர்கள், காவலாளிகள் உட்பட பத்துப் பேர் செத்திருந்தார்கள், உண்மைதான். ஆகஸ்ட் 15-ந்தேதி அவர் மின்னஞ்சல் எழுதினார்: இது தொழில் தகராறு இல்லை, குற்றச்செயல்; அதற்குத் தக்க நடவடிக்கை வேண்டும். எங்கள் நிர்வாகம் போர்டில் ஒட்டும் நோட்டீசின் வாடை அதில் அடித்தது. மறுநாள் போலீஸ் சுட்டதில் 34 பேர் இறந்தார்கள். விசாரணைக் கமிஷன் அவரைக் குற்றவாளி ஆக்கவில்லை. எழுதிய வார்த்தைகளுக்காக 2017-ல் வருத்தம் தெரிவித்தார்.

அதற்குள் துணை அதிபர் ஆகியிருந்தார். 2018 பிப்ரவரியில் அதிபர். முந்தைய அதிபர் ஜூமா ஆட்சியின் கொள்ளையைப் பார்த்துக் களைத்துப்போனவர்கள் சொன்ன சமாதானம் என் பழைய வாதத்தின் மறுபதிப்பு: ஏற்கெனவே வயிறு நிறைந்தவர், அரசாங்கப் பணத்தில் கை வைக்க மாட்டார்.

2022-ல் வெளியே வந்தது சோபா கதை. அவருடைய ஃபாலா ஃபாலா பண்ணையில் சோபாவுக்குள் செருகி வைத்திருந்த 5,80,000 டாலர் ரொக்கம் 2020-லேயே களவு போயிருக்கிறது. எருமை விற்ற காசு என்றார் அதிபர். 2019 கிறிஸ்துமஸ் அன்று சூடான் வியாபாரி ஒருவர் வந்து 20 காட்டெருமைகளுக்குக் கொடுத்ததாம். தப்பு எதுவும் செய்யவில்லை என்கிறார். விசாரிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது என்றது நாடாளுமன்றம் அமைத்த குழு. வேண்டாம் என்று 214-க்கு 148 கணக்கில் அதே நாடாளுமன்றம் முடித்துவைத்தது. பொருளாளர் என்னைக் கேட்டது ஒன்றுதான்: "வாங்கினவன் மாட்ட ஓட்டிட்டுப் போனானா?" போகவில்லை. இரண்டு வருஷம் கழித்தும் அவை விற்றவர் பண்ணையிலேயே மேய்ந்துகொண்டிருந்தன.