'வெட்': அடகியல் நோக்கில் ஒரு சொல்லாராய்ச்சி

ஆங்கிலேயர் மணமுடித்தலை 'வெட்' என்பர். இச்சொல் காதல் துறையினதா, வட்டிக்கடைத் துறையினதா என ஆராய்வதே இக்கட்டுரை. பின்னதே என்பது எம் துணிபு.

வேர்: பழைய ஆங்கிலத்தில் 'வெட்' என்றால் ஈடு. இதன் ஜெர்மன் உறவான 'வெட்டே' பந்தயத்தைக் குறிக்கும். இதே வேர் பிரெஞ்சு வழியே சுற்றிவந்து 'வேஜ்', 'வேஜர்', 'எங்கேஜ்மென்ட்', 'மார்ட்கேஜ்' எனக் கிளைத்தது. எனவே கல்யாணம், கூலி, பந்தயம், நிச்சயதார்த்தம், வீட்டுக்கடன் ஐந்தும் பங்காளிகள் என்க.

வழக்கு: ஆங்கிலோ-சாக்சன் மாப்பிள்ளை, பெண்ணை முறைப்படி வைத்துக் காப்பேன் என அவள் வீட்டாருக்கு ஈட்டுடன் வாக்களிப்பான். அவ்வாக்குக்கு நண்பர்கள் ஜாமீன் நிற்பர். மாப்பிள்ளையின் வாய்ச்சொல்லை மட்டும் எவரும் நம்பவில்லை என்பது இதனால் பெறப்படும்.

மறுப்பு: 'வெட்லாக்' என்பதிலுள்ள 'லாக்' பூட்டுதானே எனின், அன்று. அது செயலைக் குறித்த பழைய விகுதி. மற்றச் சொற்களிலிருந்தெல்லாம் உதிர்ந்துபோய், இதில் மட்டும் மாட்டிக்கொண்டது. பூட்டு இல்லாமலே வெளியேற முடியவில்லை என்பது நோக்கத்தக்கது.

துணைச்சான்று: 'ஸ்பௌஸ்', 'ஸ்பான்சர்' இரண்டுக்கும் வாக்களித்தலைக் குறிக்கும் ஒரே இலத்தீன் வினையே தாய். அதற்கு முன்னொட்டுச் சேர்த்தால் 'மகளைக் கொடுக்க வாக்களித்தல்' என்றாகும்; 'மனம் தளர்தல்' எனவும் பொருள்படும். இரண்டுக்கும் நடுவே கல்யாணச் செலவு இருந்திருத்தல் வேண்டும். 'பிரைடல்' என்பதோ 'மணப்பெண்' என்பதனோடு 'ஏல்' என்னும் பீர் வகை சேர்ந்து பிறந்தது. விருந்தினர் நினைவில் தங்கியது எது என்பதற்கு இதுவே சான்று.

சட்டம்: மண வாக்குத் தவறியவர்மீது இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுக்கும் உரிமையை இங்கிலாந்து 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நீக்கியது. டிக்கன்ஸின் நாவலில் பிக்விக் என்னும் அப்பாவிக் கிழவருக்கு இவ்வகையில் விழுந்த தண்டம் 750 பவுண்டு. அவர் பெண் கேட்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

முடிபு: 'மார்ட்கேஜ்' என்பதன் சொற்பொருள் செத்த ஈடு. கடனைக் கட்டிவிட்டால் ஈடு செத்துவிடும் என்று பழைய சட்ட அறிஞர் விளக்கம் சொல்வர். தேவாலயத்தில் எடுக்கும் மண உறுதிமொழியோ சாகும்வரைக்கும் என்கிறது. ஆகவே, வீட்டுக்கடனில் பணம் கட்டினால் ஈடு சாகும். 'வெட்'டில் ஆள் செத்தால்தான் ஈடு மீளும்.